கடன் கேட்டா நாலு கேள்வி, போன் வாங்கினா ஒண்ணும் இல்லையா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை. பேசியபடியே எழுதிக் கொடுக்கப்பட்டது.)



"இந்தக் காலத்து வாழ்க்கை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பெரிய தலைப்புதான். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. 19 வருஷமாகக் குழுவில் இருக்கிறேன், அதில் 12 வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தீர்மானப் புத்தகமும் வரவு செலவுப் புத்தகமும்தான். அதனால் அதை வைத்தே பேசுகிறேன்.

குழுவில் ஒரு அக்கா உள்கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? வட்டமாக உட்கார்ந்து நாலு கேள்வி கேட்கிறோம். எதுக்கு வாங்குற? உனக்காகத்தான் வாங்குறியா, உன் பேர்ல வேற யாரும் வாங்குறாங்களா? வட்டியோட சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்? நடுவுல கட்ட முடியாமப் போனா என்ன செய்வ? பதில் சரியாக இருந்தால்தான் தீர்மானம் எழுதுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் சுய உதவிக் குழு வேலை தொடங்கியது. அன்று முதல் இன்று வரை குழுக்களைக் காப்பாற்றி வந்தது இந்தக் கேள்விகள்தான் என்பது என் எண்ணம். கேள்வி கேட்காத குழு கலைந்து போனதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இப்போ நம்ம வீட்டுக்கு வாங்க. மகன் 20,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கிட்டு வர்றான். வீட்டில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. "ஆஃபர்ல கிடைச்சதும்மா" என்கிறான், அதோடு முடிந்தது. அதே வீட்டில் நாம், "ஒரு நாள் மதுரைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதுக்கு? யாரோட? எப்ப திரும்புவ? சோறு யாரு ஆக்குறது? நாலு கேள்வியும் வரிசையாக வந்து நிற்கும். கேள்வி வேண்டிய இடத்தில் கேள்வி இல்லை, வேண்டாத இடத்தில் வரிசை கட்டுது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

முதலில் பஸ்

2021 மே 8-ஆம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் காசு இல்லை. இதைப் பற்றி நிறையப் பேர் நிறையப் பேசிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்னாடி நாம் எங்கேயாவது போக வேண்டும் என்றால் பஸ் காசை யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். காசு கேட்கும்போதே காரணமும் சொல்ல வேண்டும். இப்போது காசு கேட்க வேண்டியதில்லை. ஆனால் காரணம் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரேஷன், ஆஸ்பத்திரி, பேங்க், கல்யாணம், கருமாதி. இந்த ஐந்துக்கு வெளியே நாம் பஸ் ஏறுவதே இல்லை.

போன வருஷம் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். வருஷத்துக்கு ஒரு நாள், வேலை எதுவும் இல்லாமல், சும்மா மதுரைக்குப் போவது. புளியோதரை கட்டிக்கொண்டு 11 பேர் போனோம். முதலில் புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15-ல் திறந்தது. உள்ளே போக ஒரு பைசா கிடையாது. பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. தையல் வேலை செய்யும் எங்கள் அக்கா ஒருத்தர் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டு நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் தமுக்கம் பக்கத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் இருக்கிறது. காந்தி சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது நம் மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22-ல், மேலமாசி வீதி வீட்டில். எவ்வளவு துணி போதும் என்று ஒரு மனுஷன் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட இடம் நம்ம ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் மாசி வீதிக்கு எத்தனையோ தடவை துணி எடுக்கப் போயிருக்கிறோம், அது மட்டும் தெரியாது.

எங்களோடு வந்த ஒரு பாட்டிக்கு அறுபது வயசுக்கு மேல். திரும்பி வரும்போது சொன்னார், "ஆஸ்பத்திரிக்கு இல்லாம நான் மதுரைக்கு வந்தது இதுதான் தாயி முதல் தடவ." அதைக் கேட்டு பஸ்ஸில் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேற ஒண்ணும் வந்தது.

அதனால் ஊர் பார்ப்பதற்குக் காரணம் தேட வேண்டாம். பார்ப்பதே காரணம். பிள்ளை எந்தக் காலேஜில் சேரணும், நம்ம ஊறுகாய் எந்தக் கடையில் என்ன விலைக்குப் போகுது, பக்கத்து டவுனில் என்ன வேலை இருக்கு, இதெல்லாம் வெளியே போய்ப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். வீட்டில் முடிவு எடுக்கும்போது அவள் பேச்சுக்குத்தான் எடை இருக்கும்.

அடுத்தது போன்

போன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. "பொம்பளைங்க கையில போன் இருந்தா குடும்பம் கெட்டுடும்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது, அவர்கள் குடும்பம் கெட்டதாகச் சொல்வதில்லை. போன் நமக்கு வேண்டும். ஆனால் கடனுக்குக் கேட்கிற அந்த நாலு கேள்வியை போனுக்கும் கேட்போம்.

முதல் கேள்வி, எதுக்கு? குழு வாட்ஸ்அப், பேங்க் கணக்கு, செய்த பொருளை போட்டோ எடுத்து விற்க, பிள்ளை படிப்பு. இவ்வளவுதான் என்றால் பின்னால் மூணு கேமரா இருக்கா, நாலு கேமரா இருக்கா என்று பார்க்க வேண்டாம். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், இடம் எவ்வளவு இருக்கு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்று கடையில் கேளுங்கள். அந்த அப்டேட் நின்று போன பழைய போனில் பேங்க் செயலி வைப்பது, பூட்டு கெட்ட பீரோவில் நகை வைக்கிற மாதிரி. அதே சமயம், பேசவும் பணம் அனுப்பவும் மட்டும்தான் தேவை என்றால் பட்டன் போனே போதும். இணையம் இல்லாத பட்டன் போனிலும் யு.பி.ஐ. பணம் அனுப்பலாம். அதற்கான 123பே வசதியை ரிசர்வ் வங்கி 2022-ல் தொடங்கி வைத்தது, அதுவும் மார்ச் 8 மகளிர் தினத்தன்று. பட்டன் போன் வைத்திருக்கும் அக்கா யாரும் தலை குனிய வேண்டாம்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அந்தப் போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். மெசேஜில் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூணு எழுத்தை அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணை அடித்து 14422 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். அது திருட்டு போன் என்று தடை செய்ததா, இல்லையா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டும், கொடுத்த பிறகு அனுப்பிப் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது கேள்வி, யார் பேர்ல? இதுதான் முக்கியம். நம் பேங்க் கணக்கில் இருக்கும் நம்பர் யாருடையது? பாதிப் பேருக்கு மகன் நம்பர், மருமகன் நம்பர், பக்கத்து வீட்டுத் தம்பி நம்பர். ஓ.டி.பி. அங்கேதான் போகும். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் வெளியூர் போய் சிம்மை மாற்றினால், ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால், அந்த நம்பர் செத்துவிடும். செத்த நம்பரை 90 நாள் கழித்து கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் நம் கணக்குக்கு வருகிற ஓ.டி.பி. முகம் தெரியாத ஒருத்தர் கையில் ஒலிக்கும். சேமிப்பு நம் பேரில், பாஸ்புக் நம் பேரில், சாவி மட்டும் ஊரான் கையிலா? சிம் நம் பேரில் இருக்கட்டும், நம் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது கேள்வி, மொத்தம் எவ்வளவு? "வட்டியில்லா தவணை" என்று போர்டு வைத்திருப்பார்கள். வட்டி இல்லை என்பது சரி. செயல்பாட்டுக் கட்டணம் என்ன, அதன் மேல் ஜி.எஸ்.டி. என்ன, ஒரு மாதம் தவணை தவறினால் அபராதம் என்ன, மொத்தப் பணமும் கையில் கொடுத்தால் விலை குறையுமா? இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் நாமும் யோசிக்க வேண்டும்.

போனுக்குள்ளே இருக்கும் கந்துவட்டி

நான்காவது கேள்வி, கட்ட முடியாமப் போனா? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குழுவில் ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம். மூணு கூட்டமாக வரவில்லை. சேமிப்பை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினாள். "உடம்பு சரியில்ல" என்று பதில். குழு ஊக்குநர் விடவில்லை, நேரில் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் ஃபீஸ் கட்ட அவசரத்துக்கு போனில் வந்த கடன் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறாள். கைக்கு வந்தது 3,500. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். கட்ட முடியாதபோது அவள் போனில் இருந்த நம்பருக்கெல்லாம், மாமனார், டீச்சர், அண்ணன் எல்லாருக்கும், அவள் படத்தைக் கேவலமாக மாற்றி அனுப்பப் போவதாக மிரட்டல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,500 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,500 ரூபாய். 100 ரூபாய்க்கு வாரத்துக்குக் கிட்டத்தட்ட 43 ரூபாய் வட்டி. நம் குழுவில் 100 ரூபாய்க்கு மாதத்துக்கு 1 ரூபாய். அவள் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "குழுவில கேட்டா எதுக்குன்னு கேப்பீங்கக்கா. போன் எதுவுமே கேக்கல."

பாருங்கள், கேள்வி கேட்காதது அவளுக்கு மரியாதையாகத் தெரிந்திருக்கிறது. இது அவள் குறை மட்டும் இல்லை. நாம் கேள்வி கேட்கும் விதமும் யோசிக்க வேண்டியது. அதட்டிக் கேட்டால் ஆள் செயலிக்குத்தான் போவாள். ஆதரவாகக் கேட்டால் நம்மிடம் வருவாள்.

அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்தோம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். அவள் போனில் இருந்த முக்கியமானவர்களிடம் நாங்களே பேசி, "இப்படி ஒரு மோசடி, படம் வந்தா நம்பாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னோம். அடுத்த கூட்டத்துக்கு வந்தாள். இப்போது அந்தக் குழுவில் கணக்கு எழுதுவதே அவள்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022 முதல் வைத்திருக்கும் விதிப்படி, கடன் பணம் நேராக நம் கணக்குக்குத்தான் வர வேண்டும். மொத்த வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத் தாளை முதலிலேயே தர வேண்டும். கடன் செயலி நம் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. "உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதி தருகிறீர்களா" என்று ஒரு கடன் செயலி கேட்டாலே, அங்கேயே அதை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இன்னும் மூணு வார்த்தை. பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம். யாராவது "பணம் வரும், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் அது நம் பணம் போவதற்கு. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே இல்லை, போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வீட்டில் சொல்லப் பயந்து ஒரு ராத்திரி காத்திருக்காதீர்கள். உடனே 1930. சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

ஐந்தாவது கேள்வி

இதுவரை நாலு கேள்வி. இந்தக் காலத்துக்காக ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன். பயன்படுத்தி முடிச்ச பிறகு இது எங்கே போகும்?

மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் பஸ் நின்றபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். "என்ன புகை, நம்ம ஊர் காத்து எவ்வளவு நல்லது" என்று ஒரு அக்கா சொன்னார். திரும்பி ஊர் எல்லையில் இறங்கினால் குப்பை மேடு எரிந்துகொண்டிருக்கிறது. டவுனில் வண்டிப் புகை, ஊரில் பிளாஸ்டிக் புகை. இரண்டில் எதை நல்லது என்று சொல்ல?

வண்டிப் புகைக்கு நாம் செய்யக்கூடியதை ஏற்கனவே செய்கிறோம். ஒரு பஸ்ஸில் 50 பேர் போனால், வண்டிக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் 25 இரு சக்கர வாகனம் ரோட்டில் குறைகிறது. ஆனால் பிளாஸ்டிக் புகை நம் கையால் பற்ற வைக்கிறது. விறகு அடுப்பு பிடிக்க பால் கவரைக் கொளுத்தி உள்ளே தள்ளுகிற பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? எனக்குத் தெரியும், நானும் ஊர்ப் பொம்பளைதான். புகையில் இருக்கும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியில் நிற்காது, நேராக நுரையீரலின் அடிவரை போகும், ரத்தத்திலும் கலக்கும். பி.வி.சி. குழாய், வயர் மாதிரிப் பொருள் எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு வருகிறது. அது புல்லில் படிந்து, மாடு தின்று, பாலின் கொழுப்பில் சேர்ந்து, திரும்ப நம் பிள்ளை டம்ளருக்கே வரும். எரித்தால் குப்பை காணாமல் போவதில்லை, வழி மாறி வீட்டுக்குள் வருகிறது.

பழைய போனும் சார்ஜரும் இதே கதைதான். பரண்மேல் கிடக்கும், இல்லாவிட்டால் குப்பையில் போகும். உப்பிப் போன பேட்டரி குப்பையில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அந்தக் குப்பையை அள்ளுகிறது யார்? நம் ஊராட்சித் தூய்மைக் காவலர்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம் குழு உறுப்பினர்கள். நம் வீட்டுப் பேட்டரி நம் குழு அக்கா கையில்தான் வெடிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இதைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிக்கிற கம்பெனிக்கு இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது சேர்த்து வைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆட்களிடம் கொடுப்பது.

ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1-லேயே நம் மாநிலம் தடை செய்துவிட்டது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை திரும்ப வந்தது. மஞ்சப்பை தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிற குழுக்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நாம் தைத்த பையை நாமே எடுத்துப் போகவில்லை என்றால் யார் எடுப்பார்கள்?

தீர்மானமாக எழுதினால்தான் நடக்கும்

பேசி முடித்துக் கைதட்டிவிட்டுப் போனால் ஒன்றும் நடக்காது. எழுதினால்தான் நடக்கும். அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இந்த ஐந்தை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. வருஷத்துக்கு ஒரு நாள், குழுவாக ஒரு ஊரைப் பார்க்கப் போவது. காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு. பேங்கில் இருக்கும் நம்பர் உறுப்பினர் பேரில், உறுப்பினர் கையில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் மூணு மாதத்துக்குள் சரிபார்ப்பது. பின் நம்பரை யாரிடமும் சொல்ல வேண்டாம், ஊக்குநரிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம்.

மூன்று. கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் பத்து நிமிஷம் போனுக்கு ஒதுக்குவது. வந்த சந்தேகமான மெசேஜை எல்லாருக்கும் காட்டுவது. தெரியாததைக் கேட்கிறவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

நான்கு. இரண்டு கூட்டம் தொடர்ந்து வராத உறுப்பினர் வீட்டுக்கு நேரில் போவது. அபராதம் வாங்கப் போக வேண்டாம், என்னாச்சு என்று விசாரிக்கப் போக வேண்டும்.

ஐந்து. அடுப்பில் பிளாஸ்டிக் போடுவதில்லை. பழைய போன், பேட்டரி, சார்ஜரைச் சேர்க்க கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு பெட்டி வைப்பது. பெட்டியை மூடி போட்டதாக, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மட்டும் அதில் போடாமல் தனியாக மணல் நிரப்பிய டப்பாவில் வைக்க வேண்டும்.

மகன், மருமகள், பேரப்பிள்ளை இவர்களோடு இதையெல்லாம் பேசுங்கள். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்பார்கள். தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஒரு தவணை தவறாமல் கட்டி, பேங்க் மேனேஜர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் நிலைக்கு வந்த பெண்கள் நாம். எதை, எப்படிக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் குழுவின் பாயோடு சுருட்டி வைக்காமல் வீட்டுக்கும் எடுத்துப் போங்கள், கடைக்கும் எடுத்துப் போங்கள்.